மேற்பார்வை: உதுமாலெவ்வைப் போடியார்

தபால் கந்தோரில் கோபப்பட்டு ஜெயித்த ஒருவரையும் நான் இதுவரை காணவில்லை. ஆனாலும் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் எங்கள் பக்கத்துத் தபால் கந்தோரில் நான் போட்ட சத்தம் சந்தை வரைக்கும் கேட்டதாம். (நான் அடக்கமாகப் பேசியதாகத்தான் நினைத்திருந்தேன்.)

நான் அட்டாளைச்சேனைக்காரன். கல்யாணம் முடித்தது கல்முனையில். எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். அதில் எனக்குக் குறையில்லை. மாமி ஆக்கும் மீன் ஆணத்துக்காக இன்னும் தூரத்துக்கும் போயிருப்பேன். குறை முகவரியில்தான் வந்தது.

எழுதுவினைஞர், அதாவது கிளாக்கர் வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தபோது மனைவி ஹமீதா எட்டிப் பார்த்து, தன் வாப்பாவின் பெயரையும் சேர்த்து, மே/பா உதுமாலெவ்வைப் போடியார் என்று போடச் சொன்னாள். நிறைய வயல் வைத்திருந்ததால் ஊரே அவரைப் போடியார் என்றுதான் அழைத்தது. மே/பா என்றால் மேற்பார்வை, இங்கிலீசில் c/o. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மீசையும் மனைவியும் உள்ள ஒருவன் இன்னொருவர் மேற்பார்வையில் கடிதம் வாங்குவதா? கொழும்பில் இருப்பவன் வீட்டு இலக்கம், வீதி, 'கொழும்பு-10' என்று எழுதுகிறான். கடிதம் நேரே அவன் கதவுக்கு வருகிறது. நானும் அப்படியே, எம்.எல்.எம். சதக்கத்துல்லா, இலக்கம் 114/3, கல்முனை-5 என்று கம்பீரமாக எழுதினேன்.

கொழும்பின் பத்து ஒரு தபால் வலயம். எங்கள் ஐந்து, ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்த வெறும் குறிச்சி இலக்கம். அதற்குள் ஒரு கடலளவு வீடுகள். 114/3 என்பது யாரோ எப்போதோ கதவில் தாரால் எழுதிப் போனது. பக்கத்து வீடு 27. அதற்கடுத்தது 9ஏ. அந்த இலக்கங்களை வைத்துக் காணாமல் போன ஆட்டைக்கூடப் பிடிக்க முடியாது. இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எழுதினேன்.

பரீட்சை எழுதினேன், பாஸானேன், நேர்முகத்துக்குக் கடிதம் வரும் என்று காத்திருந்தேன். ஒருநாள் சந்தையில், என்னோடு பரீட்சை எழுதிய நற்பிட்டிமுனைச் சிநேகிதன் எதிர்ப்பட்டு, நேர்முகத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டான். அது முடிந்து பத்து நாளாகிவிட்டதாம்.

நான் சைக்கிளை மிதித்த மிதியில் செயின் இரண்டு தரம் கழன்றது. தபால் கந்தோரில் குடிமகனின் உரிமை, திணைக்களத்தின் கடமை, என் எதிர்காலம் என்று மூன்று தலைப்பில் கத்தினேன். தபாலதிபர் முகவரியை மட்டும் கேட்டுவிட்டு, தபால்காரரைக் கூப்பிட்டார். அவர் தம்பிலுவிலைச் சேர்ந்த நிதானமான மனிதர்.

"மூணு நாள் விசாரிச்சன் தம்பி. கடைசியா உங்கட ஊட்டுக்கும் வந்தன். போடியார் வாசல் கடப்படியில நிண்டார். சதக்கத்துல்லா எண்டு ஆரும் இருக்காங்களா எண்டு கேட்டன். அப்படி ஒருத்தரும் இஞ்ச இல்ல எண்டார். கடிதத்தத் திருப்பி அனுப்பிட்டம்."

முத்திரை வாங்க நின்றவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரம் நான் எங்கே இருந்திருப்பேன் என்று எனக்கே தெரியும்: உள்ளறையில், பகல் நித்திரையில்.

வீட்டுக்கு வந்தேன். மாமா சாய்மனைக் கதிரையில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது உங்கட பேரா மருமகன்?"

நிக்காஹ்வில் என் கையைப் பிடித்து, ஊரே பார்த்திருக்க, என் முழுப் பெயரையும் சொல்லி மகளைத் தந்த மனிதர். அதை ஞாபகப்படுத்தினேன்.

"அது பள்ளி லெப்பை சொல்லித் தந்தார், நான் திருப்பிச் சொன்னன்," என்றார். "எல்லாம் அரபுலதானே சொன்னார். உங்கட பேரையும் ஓதுறதுல ஒண்டு எண்டுதான் நினைச்சன்."

அடுப்படியில் ஹமீதா சிரித்தாள். அவளை அடக்கப் போன மாமியும் அங்கேயே நின்று சிரித்தார். ஒரு வேலை போய்விட்டது, அந்த வீட்டில் கோபப்பட்டவன் நான் ஒருவன்தான்.

அடுத்த தடவை போடியாரின் பெயரைப் போட்டேன். அவசரத்தில் வீட்டு இலக்கத்தை எழுத மறந்தும் கடிதம் வந்தது. வேலையும் கிடைத்தது.

காலம் போய், என் மகளுக்கும் மாப்பிள்ளை வந்து வீட்டோடு சேர்ந்தார். முதல் கிழமையே அவருடைய முழுப் பெயரை, முதலெழுத்துகளோடு, தமிழிலும் இங்கிலீசிலும் எழுதி வாங்கி மனப்பாடம் செய்தேன். தகப்பன் பெயர், பிறந்த ஊர் எல்லாம் கேட்டேன். மாப்பிள்ளை பயந்துபோய், "உங்கட வாப்பா பொலிசிலயா வேலை செஞ்சவர்?" என்று மகளிடம் கேட்டதாம்.

அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் 'பொலிஸ் வாப்பா'. பேரப்பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சதக்கத்துல்லா என்று கூப்பிட இந்த வீட்டில் இன்றைக்கும் ஒரு ஆள் கிடையாது.