லாரிக்குப் பின்னால் ஒரு தூக்குக்கயிறு

நான் வரைந்த படங்களில் முகம் அச்சு அசலாக அமைந்தது ஒன்றே ஒன்றுதான். அதுவே என் குடியைக் கெடுத்தது. மற்றபடி நான் சிங்கம் வரைந்தால் நாய் என்பார்கள், யாருக்கும் நஷ்டமில்லை.

எண்பதுகளின் தொடக்கம். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பெயிண்டராக இருந்தேன். வயது இருபத்து மூன்று, புத்தி பன்னிரண்டு. காமிக்ஸ் பைத்தியம். படிப்பதோடு விட்டிருந்தால் தேவலை. நானே இரண்டு நாயகர்களை உருவாக்கி வைத்திருந்தேன். ஒருவன் மாறவேல். வெள்ளைச்சட்டை, வாள் உண்டு, ஆனால் பிடிபட்ட எதிரியை மன்னித்துவிடுவான். இன்னொருவன் கயிற்றுக்காரன். கறுப்பு முகமூடி, விசாரணையெல்லாம் கிடையாது, நேராகத் தூக்குதான். இரண்டு பேரும் ஒரே கதையில் சந்தித்தால் யார் பேச்சு எடுபடும் என்று டீக்கடையில் மணிக்கணக்கில் வாதாடுவேன். நான் கயிற்றுக்காரன் கட்சி. மன்னிப்பவன் ஏமாளி என்பது என் தீர்ப்பு (அதுவரை என்னை யாரும் மன்னிக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை).

அம்மாவுக்கு இரண்டு அண்ணன்மார். பொதுக்கிணற்றில் தண்ணீர் முறை பற்றித் தகராறு வந்து, பெரிய மாமாவும் சின்ன மாமாவும் எட்டு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. சின்ன மாமா புது லாரி எடுத்து, எங்கள் பட்டறையிலேயே பாடி கட்டினார். அவர் மகள் சரசுவை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் உச்சி குளிர ஏதாவது செய்யவேண்டாமா?

லாரியின் பின்கதவில் என் நாயகர்கள் இருவரையும் சந்திக்க வைத்தேன். நடுவில், கழுத்தில் கயிறோடு மண்டியிட்ட வில்லன். அவனுக்குப் பெரிய மாமாவின் முறுக்கு மீசை, கடுக்கன், கன்னத்து மரு. கயிற்றுக்காரன் இழுக்கிறான். பக்கத்தில் கை கட்டி நிற்கும் மாறவேலுக்குச் சின்ன மாமாவின் முகம். தார்ப்பாயால் மூடி, பூஜையன்று திறப்பதாகச் சொல்லிவிட்டேன்.

பூஜையன்று காலையில் சின்ன மாமா தன் அண்ணன் கையைப் பிடித்து அழைத்து வந்தார். முந்தின நாள் அவரே நேரில் போய்ச் சமாதானம் பேசியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாரா மனுஷன்? ஓடிப்போய்த் தார்ப்பாயின் முனையைப் பிடித்துக்கொண்டேன்.

"பெயிண்ட் இன்னும் காயலீங்க மாமா. தார்ப்பாய் அப்படியே இருக்கட்டுங்க."

"காயாட்டிப் போவுது மாப்ள. அண்ணன் கையால தெறக்கட்டும்," என்றார் சின்ன மாமா.

பெரிய மாமா பூசணிக்காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தார்ப்பாயை இழுத்தார். படத்தைப் பார்த்தார். கன்னத்து மருவைத் தொட்டுக்கொண்டார்.

"மீசை நல்லா வந்திருக்குது சாமி. கயித்த இழுக்கறது ஆரு?"

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். கலைஞனாயிற்றே, சனியன். "கயித்துக்காரனுங்க. தப்புப் பண்ணுனவன உடமாட்டானுங்க."

"வெள்ளைச்சட்ட?"

"அவரு மன்னிக்கறவருங்க."

"அப்பறம் ஏன் கை கட்டி நிக்கறாரு?"

நான் பிரஷ்ஷைத் தேடுவதுபோலக் குனிந்தேன்.

"என்ற தம்பி வேடிக்க பாத்துட்டு நிக்கறான்," என்று அவரே சொல்லிக்கொண்டார். பூசணிக்காயை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு நடந்தார். சின்ன மாமா பின்னாலேயே ஓடிக் கெஞ்சியது பட்டறை முழுக்கக் கேட்டது.

படத்தின் மேல் பச்சை அடித்தேன். வெயிலில் அது உரிந்து, மீசை மட்டும் ஊர் ஊராகப் போய்வந்தது. பெரிய மாமா சாகும்வரை தம்பி வீட்டுப் படி மிதிக்கவில்லை. சரசுவைத் தம்மம்பட்டியில் கொடுக்க நிச்சயம் செய்தார்கள். அப்போது சின்ன மாமாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் தலை நிமிரவில்லை. "வெள்ளைச்சட்டக்காரன் மன்னிப்பான்னு சொன்னியே மாப்ள. அவங்கிட்டயே போய்க் கேளு."

இன்றும் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், "பெயிண்டர் வந்துட்டாருங்க, எதுக்கும் தார்ப்பாயைத் தூக்கிப் பாத்துட்டுத் தேங்கா ஒடைங்க," என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன், வேறு வழி? எண்பது தாண்டிவிட்ட சின்ன மாமா மட்டும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.