பாகு வடிந்த பம்பர்

"...அதெல்லாம் இருக்கட்டுமுங்க, வண்டியை நக்கிக்கிட்டு நிக்குதே இத்தனை மாடு, இதெல்லாம் யாரு? மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா?"

கேட்டது செசிலி. நாகரசம்பட்டியில், அவள் வீட்டு வாசலில், ஒரு சித்திரை மாதத்துச் சாயங்காலம். பெண் பார்க்கப் போன என்னிடம் பெண் பேசிய முதல் வார்த்தைகள் இவை. எனக்கு வாய் நீளம் என்பது மத்திகிரி முழுக்கத் தெரிந்த விஷயம். அந்த நீள வாய் அன்றைக்கு உள்ளே சுருட்டிக்கொண்டு படுத்துவிட்டது. (அம்மா பிற்பாடு சொன்னது: "உன்னைப் பெத்த நாள்லேருந்து நீ பேசாம நின்னு நான் பார்த்தது அந்த ஒரு நிமிஷம்தான்டா.")

பெண் பார்க்கப் போகிறவன் பூ, பழத்தோடு போவான். மாட்டு மந்தையோடு எவனாவது போவானா? போவான். தன் கைவேலையைப் பற்றித் தானே பெருமைப்படும் ஒரு முட்டாள் கண்டிப்பாகப் போவான்.

அறுபதுகளின் கடைசி அது. மத்திகிரி மாட்டுப் பண்ணையில் பம்ப் ரூமில் நான் ஃபிட்டருக்கு உதவியாள். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை, எடுத்துக் கொடுக்கும்போது பேசிக்கொண்டே இருப்பது என் பழக்கம். என் பெரியப்பா ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்கு டிரைவராக இருந்தவர். துரை ஊருக்குக் கிளம்பும்போது தன் பழைய ஸ்டேஷன் வேகனைப் பெரியப்பாவிடம் விட்டுப் போனார். பெரியப்பாவுக்குக் கண் மங்கியதும் அது என்னிடம் வந்தது. நீளமான பின்பக்கம், இரண்டு பக்கமும் மரப்பலகை. எங்கள் தெருவில் அதற்குப் பெயர் 'பொட்டிக் காரு'.

எங்கள் மாதா கோயில் உபதேசியார்தான் சம்பந்தம் பேசினார். பெண்ணின் அப்பா சவரிமுத்து, மாந்தோப்புக்காரர். செசிலியை நான் ஏற்கெனவே ஒருமுறை கிருஷ்ணகிரி கோயில் திருவிழாவில் பார்த்திருந்தேன். வளையல்காரரிடம் பேரம் பேசி, கடைசியில் அவரையே சிரிக்க வைத்து வாங்கிப் போனாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. ஆனால் சவரிமுத்து லேசுப்பட்டவர் இல்லை. எனக்கு முன்னால் வந்த ஒரு மாப்பிள்ளை, அவர் கிணற்று மோட்டார் நின்றுபோனபோது எட்டிப் பார்த்துவிட்டு, "ஆளை வரச் சொல்லுங்க" என்றாராம். "போற வழியில நீங்களே சொல்லிட்டுப் போயிடுங்க" என்று அனுப்பிவிட்டாராம் இவர். என்னைப் பற்றி உபதேசியாரிடம் அவர் கேட்டது இதுதான்:

"பையன் நல்லாப் பேசுறான்னு நாலு பேர் சொல்லிட்டாங்க. அவன் கை என்ன பேசும்னு ஒருத்தரும் சொல்லலையே?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. கையைப் பேச வைத்தாக வேண்டும். எதைக் கொண்டு? வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பம்பர் கண்ணில் பட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தப் பம்பரில் ஒரு குறையும் இல்லை. பளபளவென்று, முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம் போல இருந்தது. எனக்குத்தான் அது போதவில்லை. இவ்வளவு பெரிய வண்டிக்கு இவ்வளவு மெல்லிசா? முன்னால் இரண்டு அடுக்காக, பின்னால் ஒன்றாக, தடித்த குழாய் வைத்தால் எப்படி இருக்கும்! பண்ணையில் கழித்துப் போட்ட குழாய்களை ஏலத்தில் எடுத்தேன். சர்க்கரை ஆலையிலிருந்து கருப்பாக, கெட்டியாக ஒரு கழிவுப்பாகு டிரம்மில் வரும். தவிட்டில் கலந்தால் மாடு தொட்டியோடு சேர்த்துத் தின்னும். அந்தப் பாகை டிரம்மிலிருந்து தீவனத் தொட்டிக்குப் பல வருஷமாகக் கொண்டுபோன குழாய்கள்தான் அவை. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவற்றின் வால்வைத் திறந்து மூடியதே நான்தான். குழாயின் வெளிப்பக்கத்தைச் சாம்பல் போட்டு இரண்டு நாள் தேய்த்தேன். உள்பக்கம் என்று ஒன்று இருப்பதே என் ஞாபகத்துக்கு வரவில்லை.

வெல்டிங் வைக்க வந்தவர் என் சிநேகிதர் பசப்பா. ஓசூரில் பட்டறை வைத்திருந்த கன்னடக்காரர். சிலிண்டரை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டு முற்றத்துக்கே வந்துவிட்டார். புளியமரக் கவையில் குழாயைக் கொடுத்து வளைத்தோம். (வளைத்தார். நான் "அப்படித்தான், அப்படித்தான்" என்றேன்.) குழாயில் தீ பட்டதும் முற்றமெல்லாம் ஒரு வாசனை.

பசப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டு மூக்கை உறிஞ்சினார். "ஏனோ இது அந்தோணி, பெல்லத வாசனெ பர்தா இதே?"

"வெல்ல வாசனைதான். பக்கத்து வீட்டுல அதிரசம் சுடுறாங்க" என்றேன்.

அம்மா உள்ளேயிருந்து, "பக்கத்து வீட்டுல பூட்டிக்கிட்டு ஊருக்குப் போய் நாலு நாளாச்சுடா" என்றார்.

"அப்ப அதுக்கு அடுத்த வீடு" என்று விஷயத்தை முடித்தேன்.

வெல்டிங் முழுக்கப் பசப்பா. என் கையாலும் ஏதாவது செய்ய வேண்டுமே? குழாய்களின் வாய் திறந்து கிடந்தது. மரத்தில் ஆறு தக்கை செதுக்கி, ஒவ்வொரு முனையிலும் சுத்தியால் அடித்து இறுக்கினேன். மேலே வெள்ளிப் பெயின்ட். முடிந்ததும் மூன்று அடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தேன். பட்டாளத்து வண்டிக்கும் கல்யாண வண்டிக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா, பசப்பா, நான் மூவரும் கிளம்பினோம். நல்ல வெயில். குருபரப்பள்ளியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினேன். டீக்கடைக்கு முன்னால் படுத்திருந்த ஒரு கிழட்டுப் பசு எழுந்து வந்து, பம்பரை முகர்ந்து, ஒரு நக்கு நக்கியது.

டீக்கடைக்காரர், "ஏனுங்க, வண்டிக்கு உப்புக் கிப்புத் தடவியிருக்கீங்களா?" என்றார்.

"புதுப் பெயின்ட்டுங்க. முகம் தெரியுதில்ல, இன்னொரு மாடுன்னு நினைச்சுக்குது" என்று பெருமையோடு விளக்கினேன். அந்தப் பசு எங்களைக் கிருஷ்ணகிரிப் பக்கமாகக் கொஞ்ச தூரம் வழியனுப்பியது. அம்மாவுக்கு அப்போதே சந்தேகம். "அது உன் முகத்தைப் பார்த்து வரலைடா" என்றார்.

நாகரசம்பட்டி சேர்ந்தபோது மாடுகள் மேய்ச்சலிலிருந்து திரும்பும் நேரம். சவரிமுத்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, சட்டைக் காலரைச் சரி செய்து, கதவைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. வெளியே ஒரு எருமை சாய்ந்துகொண்டிருந்தது. முன்னால் பார்த்தேன், கொம்புகள். பின்னால் பார்த்தேன், அங்கேயும் கொம்புகள். ஊரின் மொத்த மந்தையும் வீட்டுக்குப் போகும் வழியை மறந்துவிட்டு வண்டியைச் சுற்றி நின்று, நாக்கால் என் வெள்ளிப் பெயின்ட்டைப் பட்டை பட்டையாக உரித்துக்கொண்டிருந்தது. உள்ளே இறுகிக் கிடந்த பாகு வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் இளகி, தக்கையோரமாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்கிறது.

"ஹாரன் அடிடா" என்றார் அம்மா.

அடித்தேன். தெருக்கோடியில் தயங்கி நின்ற நாலு மாடுகளும் என்னவென்று பார்க்க வந்தன.

சவரிமுத்து வெளியே வந்தார். எங்களை வரவேற்கவென்றே கட்டிய புது வேட்டி, அன்னம் போல வெள்ளை. மாடுகளை முதுகில் தட்டித் தட்டி விலக்கிக்கொண்டு வந்தவர், என்னைப் பார்க்கவேயில்லை. நேராகப் பம்பரிடம் போனார். இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். நான் ஜன்னல் வழியாக ஒருவாறு வெளியே குதித்து, அவர் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இத்தனை மாடு இடிச்சும் ஒரு நூல் அசையலையே" என்றார். குரலில் மரியாதை இருந்தது. "வெல்டிங் பத்த வச்சது யாரு?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். என்னைப் போலவே ஜன்னல் வழியாக இறங்கியிருந்த பசப்பா வேறு, "சொல்லு, நீதான்னு சொல்லு" என்று எனக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தார். சொல்லியிருப்பேன். ஆனால் வாசல்படியில் செசிலி நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கண்ணுக்கு முன்னால் புளுக வரவில்லை.

"இவருங்க. பசப்பா."

"வளைச்சது?"

"அதுவும் இவருங்க."

"அப்ப நீ என்னதான் பண்ணின?"

"தக்கை அடிச்சேனுங்க" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். கையைப் பேச வைக்க வேண்டுமே! "இதோ, இது முழுக்க என் கைவேலை. எப்படி நிக்குது பாருங்க" என்று முஷ்டியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

'டப்' என்று ஒரு சத்தம். தக்கை மாட்டு மந்தைக்கு மேலே பறந்து போனது. அது பறந்த ஓட்டையிலிருந்து பாகு, பல வருஷத்துப் பாகு, தடியாக ஒரு வீச்சு வீசி, சவரிமுத்துவின் புது வேட்டியில் இடுப்பிலிருந்து முழங்கால் வரை இறங்கியது. எருமை முதலில் என்னைப் பார்த்தது, அப்புறம் வேட்டியைப் பார்த்தது. அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். எருமை ஓரடி முன்னால் வந்தது.

அம்மா வண்டிக்குள்ளேயே ஜெபமாலையை எடுத்துவிட்டார். நான் தட்டுத் தடுமாறி விளக்க ஆரம்பித்தேன்: பண்ணைக் குழாய், தவிடு, டிரம், வெளிப்பக்கத்தைத் தேய்த்தது, உள்பக்கத்தைத் தேய்க்காதது. அப்போதுதான் செசிலி குறுக்கே, நான் முதலிலேயே சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

சவரிமுத்துவின் மீசை துடித்தது. திட்டப் போகிறாரா, சிரிக்கப் போகிறாரா என்று மீசைக்கே தெரியவில்லை. நாகரசம்பட்டியில் இன்றைக்கும் எனக்குப் 'பாகு மாப்பிள்ளை' என்றுதான் பெயர். பேரன் பேத்திகள் வண்டி வாங்கினால்கூட, "மாட்டுக்கிட்ட காட்டிட்டியா?" என்று ஒருவரையொருவர் கேட்டுவிட்டுத்தான் சாவியைத் தொடுவார்கள். ஆனால் அந்தப் பெயரில் 'மாப்பிள்ளை' என்ற பாதியை நான் சம்பாதிக்கவில்லை. அது செசிலி கொடுத்தது.

அவள் படியிறங்கி வந்தாள். வழியில் நின்ற செவலைப் பசுவின் முகத்தை முழங்கையால் ஒதுக்கினாள். குழாயின் வாயில் புதிதாக வடிந்துகொண்டிருந்த பாகை ஆள்காட்டி விரலில் ஏந்திக்கொண்டாள். எருமையிடமிருந்து வேட்டியைப் பிடுங்க அப்பா குனிந்த நேரம் பார்த்து, என்னைப் பார்த்தபடியே, விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.