டெல்ஃபின் வீட்டு அடோபோவுக்கு வந்த பதில்கள்

இந்த இதழுக்கும் பதில் வராவிட்டால் மீசையை எடுத்துவிடுவதென்று டெல்ஃபின் சபதம் செய்தார். அவருக்கு மீசை ஒழுங்காக முளைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரில் அவர்கள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் எல்லா வீட்டுக்கும் ஒரு மின்மடல் போகும். கப்பல் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் டெல்ஃபினுக்கு மிச்சமிருந்த ஒரே பதவி அதன் ஆசிரியர் பதவிதான். 'சாக்கடை அடைப்பு: உங்கள் கருத்து என்ன?' என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. 'தெருநாய்கள்: ஒரு பார்வை' எழுதினார். நாய்கூடச் சீந்தவில்லை. "படிக்கறவங்க யாரும் பதில் போடலேன்னா இந்த மாசத்தோட நிறுத்திடலாம் சார்," என்று சங்கத் தலைவி மிஸஸ் எஸ்கலோனா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து டெல்ஃபினுக்குச் சோறு இறங்கவில்லை.

"நீங்க கேக்கற கேள்விக்குப் பரீட்சை ஹால்லதான் பதில் எழுதுவாங்க," என்றாள் மனைவி நேனித்தா. "சாப்பாட்டைப் பத்திக் கேளுங்க. ஊரே வாயைத் திறக்கும்."

"பத்திரிகை தர்மம்னு ஒண்ணு இருக்கு, நேனித்தா."

"இருக்கட்டும். அதை யாரு படிக்கிறா?"

அன்று மாலையே பத்திரிகை தர்மத்தைப் பரணில் போட்டுவிட்டு, 'கணவன் கைமணம்' என்று ஒரு பகுதியைத் தொடங்கினார். வினிகர் ஊற்றி இறக்கும் கோழி அடோபோவில் நேனித்தாவை அடிக்க ஆளில்லை. போன திருவிழாவில் தெருவே சட்டியை வழித்தது. அதைச் சமைத்தது தாம்தான் என்று கூசாமல் எழுதினார். 'வாங்க, சாப்பிடலாம்' என்று முடித்தார். அதில் பயமே இல்லை. அந்த ஊரில் தட்டோடு உட்கார்ந்திருப்பவன் தெருவில் போகிறவனைக்கூட அப்படித்தான் கூப்பிடுவான். அவனும் வயிறு நிறைந்திருக்கிறது என்று சொல்லி நடையைக் கட்டுவான். மூன்று தடவை கூப்பிட்டால்தான் அது அழைப்பு.

மறுநாள் காலையில் பெட்டி நிரம்பி வழிந்தது.

"பாத்தியா, என் எழுத்தோட வீச்சை," என்று ஒவ்வொன்றாகத் திறந்தார். 'நாங்க அஞ்சு பேர் வர்றோம்.' 'மாமியாரோட சேத்து ஏழு.' 'ஞாயிறு மதியம்தானே? பாத்திரம் கொண்டு வரலாமா?' டெல்ஃபின் தம் மடலை மறுபடி படித்துப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமைன்னு நான் எங்கே எழுதினேன்?"

"நீங்க எழுதலைங்க. நான்தான் ஒரு வாசகியா எல்லாருக்கும் பதில் போட்டேன். 'சும்மா சொல்லலை, நிஜமாவே கூப்பிடறார், ஞாயித்துக்கிழமை வாங்க'ன்னு ஒரு தடவை. 'கண்டிப்பா வரணும், அவர் கையாலயே சமைக்கிறார்'னு இன்னொரு தடவை. உங்களோடது ஒண்ணு. மூணாச்சா?"

"எனக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாதே."

"அது எனக்குத் தெரியும். உங்க வாசகர்களுக்குத் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பு முழுக்க அவர்கள் வாசலில். நேனித்தா நாற்காலி போட்டு, விசிறியோடு உட்கார்ந்துகொண்டாள். டெல்ஃபின் கோழியைக் கொட்டினார். சோயா சாஸைக் கொட்டினார். வினிகரை ஊற்றிய கையோடு கரண்டியை விட்டுக் கிண்டினார்.

வினிகர் கொதிக்கும் முன்னால் கரண்டி போடக்கூடாது என்பது அங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

"நேனித்தா," என்றார் பக்கத்து வீட்டு அர்செனியோ, "திருவிழா அன்னிக்கு இவரா சமைச்சாரு?"

"அவரே எழுதியிருக்காரே. பொய்யா எழுதுவார்?"

தெருவே சிரித்தது. அவமானத்தில் காது சிவந்தாலும் டெல்ஃபினுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கரண்டியை அவளிடம் நீட்டினார். அவள் புதுக்கோழி போட்டு மறுபடி அடுப்பேற்றினாள். வேகிறவரை சும்மா இருப்பார்களா? தேங்காய்ப்பால் சேர்க்கலாமா கூடாதா என்று தெரு இரண்டாகப் பிரிந்தது. வாரக்கணக்கில் மடலில் எழுதித் தீர்த்துக்கொள்வதாக இரண்டு கட்சியும் சூளுரைத்தன.

"இனிமே எப்படி நிறுத்தறது?" என்றார் மிஸஸ் எஸ்கலோனா, எலும்பைக் கடித்தபடி. "ஆனா இத்தனை பேரை எழுத வச்சது நேனித்தாதானே. ஆசிரியர் வேலையை அவங்ககிட்டயே குடுத்துடலாம். சரின்னா கையைத் தூக்குங்க."

எல்லாக் கையும் எழுந்தது. டெல்ஃபினின் கையும் எழுந்தது. மடல் பிழைத்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த இதழுக்கு, தேங்காய்ப்பாலை ஆதரித்து, முதல் ஆளாக வாசகர் கடிதம் எழுதி அனுப்பினார் டெல்ஃபின். இடமில்லை என்று நேனித்தா அதைப் போடவில்லை.