இலை என்று சொல்லி நீ கொடுத்த மாத்திரை

சூஹூம்,
ஜூன் ஒன்பதாம் தேதி.

அன்புள்ள மைத்துனன் அசமானிக்கு,

உன் அக்கா புருஷன் ஒபிரி எழுதிக்கொள்வது. அக்ராவில் நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்படியே இருக்க வேண்டும் என்று ஜெபிக்கவும் செய்கிறேன், ஏனென்றால் சுகமில்லாமல் போனால் நீ விற்கிற மருந்தையே எடுத்து விழுங்கிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. இங்கே நான் சுகம். கோழிகள் சுகம். போதகர் சுகம். உன் அக்கா பொக்குவா மட்டும் இருபது நாள் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்துவிட்டு முந்தாநாள்தான் வீடு திரும்பினாள். "என்ன அத்தான், சும்மா மயக்கந்தானே" என்று போனில் கேட்டாயே, அப்போது பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது வருகிறது. உட்கார்ந்து படி.

ஈஸ்டருக்கு மறுநாள் நீ என் வீட்டுக்கு வந்தாய். யாரும் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து மரவள்ளியை இடித்துச் செய்த என் ஃபூஃபூவைத் தின்று, என் ஆட்டுக்கறிச் சூப்பைக் குடித்து, கை கழுவின ஈரம் காய்வதற்குள் பையைத் திறந்து, பறவை இறகு படம் போட்ட இரண்டு புட்டியையும் ஒரு தேயிலைப் பொட்டலத்தையும் எடுத்து மேசைமேல் வைத்தாய். மூன்றே வாரத்தில் அக்கா அந்த இறகு மாதிரி ஆகிவிடுவாள் என்றாய். "இதுல என்ன இருக்கு" என்று கேட்டேன். "இது மருந்தே இல்ல அத்தான், வெறும் இலை. ஆட்டுக்குட்டி மேயுற இலை" என்றாய். "என்ன இலை" என்றேன். "அது கம்பெனி ரகசியம்" என்றாய். முப்பத்தொரு வருஷம் கோக்கோ கிடங்கில் எடை போட்டவன் நான். மூட்டையைக் கொண்டுவந்து இறக்குகிற ஒவ்வொருவனும் "எல்லாம் நல்ல கொட்டைங்கய்யா" என்றுதான் சொல்லுவான், நான் குத்தூசியை உள்ளே விட்டால் பாதி கல்லும் ஈரமும் வரும். அந்த முப்பத்தொரு வருஷத்தில் சும்மா வாங்கி வைத்த மூட்டை ஒன்றுகூட இல்லை. மச்சினன் ஆயிற்றே என்று உன்னைத்தான் குத்திப் பார்க்காமல் விட்டேன்.

முதலில் தேயிலை. காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர் என்றாய். முதல் நாளே உன் அக்காவுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் நான் நிற்கக்கூடாது என்று தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் "யாரும் இடத்தை விட்டு அசையாமல் தலை வணங்குவோம்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் மூன்று பெஞ்சைத் தாண்டிவிட்டாள். போதகர் அதைப் பரிசுத்த ஆவியின் அசைவு என்று நினைத்துக் குரலை உயர்த்திவிட்டார். பிறகு மரவள்ளி வாங்க நாங்கள் இன்சாவாம் சந்தைக்கு வேனில் போனோம். ஓட்டினவன் அக்பெக்கோ, நல்ல மனுஷன், இரண்டு தடவை புதர்ப்பக்கம் நிறுத்தினான். மூன்றாவது தடவை திரும்பிப் பார்த்து, "அம்மா, நான் இன்சாவாமுக்குத்தான் வண்டி ஓட்டுறேன். நீங்க ஒவ்வொரு புதருக்கும் டிக்கெட் எடுத்திருக்கீங்க" என்றான். வேனே சிரித்தது. உன் அக்கா முகத்தை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். போனில் உன்னைக் கேட்டதற்கு, "அழுக்கு வெளிய போகுது அக்கா, நல்லது" என்று சொன்னாயாம். அறுபது வயதுப் பெண்பிள்ளைக்குள் அத்தனை அழுக்கு எங்கே இருந்தது என்று நீ யோசிக்கவில்லை.

இரண்டாவது வாரம் மாத்திரை தொடங்கியது. அதோடு பசி போயிற்று. பசி போனால் நல்லதுதானே என்பாய். சாப்பாட்டுக்கடை நடத்துகிறவளுக்குப் பசி போனால் என்ன ஆகும் தெரியுமா? சூப்பை ருசி பார்க்கமாட்டாள். கரண்டியைக் கிட்டே கொண்டுபோனாலே குமட்டுகிறது என்று உப்பைக் கையளவில் அள்ளிப் போட்டாள், போட்டதை மறந்துவிட்டு மறுபடியும் போட்டாள். லாரி டிரைவர்கள் இருபது வருஷமாக வந்து சாப்பிடுகிற கடை. ஒருத்தன் சட்டியை எட்டிப் பார்த்து, "அம்மா, இன்னிக்கு கடலையே கொண்டாந்து ஊத்திட்டீங்க, மீனைத்தான் காணோம்" என்றான். மற்ற நாளாக இருந்தால் அவளும் பதிலுக்கு ஒன்று சொல்லிச் சிரித்திருப்பாள். அன்றைக்குக் கரண்டியைத் தரையில் எறிந்தாள். "பிடிக்கலைன்னா எந்திரிச்சிப் போ. உன் பொண்டாட்டி சமைக்கிறதத் தின்னு" என்று அவள் கத்தினதில் கடை முழுக்கக் கையை நிறுத்திவிட்டது. கை நடுங்குகிறது, பேச்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருகிறது, துலக்கின பானையையே மறுபடி துலக்குகிறாள். "நெஞ்சுக்குள்ள யாரோ ஃபூஃபூ இடிக்கிற மாதிரி இருக்குங்க" என்று என் கையை எடுத்து வைத்துக் காட்டினாள். இடிக்கத்தான் செய்தது. மறுபடி உனக்குப் போன். அப்போது நீ சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "கொழுப்பு ஓடுது அக்கா. ஓடும்போது சத்தம் வரத்தானே செய்யும்."

மூன்றாவது வாரக் கடைசியில் எடை பார்த்தே ஆகவேண்டும் என்று கோக்கோ கிடங்குக்கு வந்து நின்றாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் இடத்தில் இருக்கிற லார்பி, "அம்மா, இது மூட்டைக்கு வச்ச தராசு" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவள் ஏறிவிட்டாள். ஒன்பது கிலோ குறைந்திருந்தது. மூட்டை இறக்க வந்த விவசாயிகளெல்லாம் கைதட்டினார்கள். அதை ஒருத்தன் போட்டோ எடுக்க, அந்தப் போட்டோவை நீ உன் விளம்பரத்தில் போட்டுவிட்டாய், சொந்த அக்காவை, தராசுமேல். நான் மட்டும் கைதட்டவில்லை. இத்தனை சீக்கிரம் எடை இறங்கினால் அது தண்ணீர் வற்றினதென்று கிடங்கில் எல்லாருக்கும் தெரியும். மெதுவாகச் சொன்னேன். "நான் ஒண்ணும் கோக்கோ இல்லீங்க" என்றாள்.

மே மாதம் பதினெட்டாம் தேதி பெண்கள் ஐக்கிய சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு ஊர்வலம். எல்லாருக்கும் ஒரே துணி. தையல்காரி மான்சா உன் அக்காவின் உடுப்பை இரண்டு தடவை பிரித்துப் பிடித்துத் தைத்திருந்தாள், ஒவ்வொரு தடவையும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வெயில் உச்சியில் இருந்தது. பொக்குவா கொடிக்குப் பின்னால் முதல் வரிசையில் பாடிக்கொண்டு போனாள். தபால் ஆபீஸ் திருப்பத்தில் பாட்டு நின்றுவிட்டது, அவளுடையது மட்டும். நான் ஓரமாக நடந்து வந்தவன் திரும்பிப் பார்த்தேன். முழங்கால் மடங்கி, பக்கத்திலிருந்தவளின் தோளைப் பிடிக்கப் பார்த்து, பிடிக்காமல் விழுந்தாள். முரசுக்காரனுக்குத் தெரியவில்லை, அவன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே போனான். போதகர் ஞானப்பாட்டுப் புத்தகத்தால் விசிறினார். அவள் உதடு சாம்பல் நிறமாகிவிட்டது. அசமானி, முப்பத்தாறு வருஷமாகப் பார்க்கிற முகம் அது. எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் லாமிலே என்று ஒரு பெண். "என்ன மருந்து சாப்பிடுறாங்க" என்று கேட்டார். "பிரஷர் மாத்திரை, ஆறு வருஷமா. வேற ஒண்ணும் இல்லீங்க, கொஞ்சம் இலை" என்று நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன். "அந்த இலையக் கொண்டாங்க" என்றார். கொண்டுபோனேன். புட்டியைக் கவிழ்த்து உள்ளங்கையில் கொட்டி எனக்குக் காட்டினார். "இவ்வளவு வட்டமா எந்த மரத்துல இலை முளைக்குதுங்க ஐயா?" பரிசோதனைக்கு அனுப்பினார். பசியைக் கொல்லுகிற ஒரு இங்கிலீஷ் மருந்து அதற்குள் இருந்தது. இதயத்தையும் மூளை நரம்பையும் தாக்குகிறது என்று பல தேசங்களில் வருஷக்கணக்குக்கு முன்பே கடையிலிருந்து எடுத்துவிட்டார்களாம். பிரஷர் உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாதாம். தேயிலையில் கடும் பேதி மருந்து. அது இதயம் சீராகத் துடிக்க வேண்டிய உப்பை உடம்பிலிருந்து வடித்துவிட்டது. புட்டியின்மேல் இதில் ஒரு வார்த்தையும் இல்லை. இறகு மட்டும் இருக்கிறது.

இன்னொன்றையும் கேள். அடுத்த கட்டிலில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் கிடந்தாள், இருபத்திரண்டு வயது. வேறு படம் போட்ட வேறு புட்டி. கலியாணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்ததாம். என் பொக்குவா வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்தப் பெண் உயிரோடு போகவில்லை. அவளுடைய அப்பா என்னிடம் வந்து, "கடையில வித்தாங்களே ஐயா, கடையில வித்தா நல்லதுதானே" என்று என்னையே திரும்பத் திரும்பக் கேட்டார். உன் பெயரைச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. நீ விற்ற புட்டி அது இல்லை என்றாலும்.

நீயோ போனில், "என்கிட்ட வாங்குன நாப்பது பேரு நல்லாத்தான இருக்காங்க அத்தான்" என்கிறாய். நாற்பது பேர் நெஞ்சிலும் கை வைத்துப் பார்த்தாயா? ஆகையால் சொல்லுகிறேன். மீதி இருக்கிற புட்டிகளை மருந்து அதிகாரிகளிடம் ஒப்படை. அக்கா போட்டோவை எடு. அந்த நாற்பது பேரிடமும் போய், "விழுங்காதீங்க, டாக்டரைப் பாருங்க" என்று உன் வாயால் சொல்லு. அதுவரை என் வாசலில் கால் வைக்காதே. வைத்தால் மச்சினன் என்று பார்க்கமாட்டேன்.

கர்த்தர் உனக்கு நீண்ட ஆயுளையும், அதைவிட முக்கியமாகக் கொஞ்சம் வெட்கத்தையும் தந்தருள்வாராக. உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம். உனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்,
ஒபிரி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உன் அக்கா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க. நீங்க சொன்னதை எழுதலையே" என்றாள். என்ன சொன்னேன் என்றேன். பிப்ரவரியில் லார்பியின் பிள்ளைக்குப் பெயர் வைத்த விசேஷத்தில், அவள் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கால் முறிந்தபோது, "லார்பி, அடுத்த நாற்காலிய இரும்புல போடு, ஒன்றரை மூட்டை வருது" என்று ஐம்பது பேருக்கு முன்னால் சொன்னது நான்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அதனால் அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டேன். மறுநாள் காலையிலேயே அவள்தான் உனக்குப் போன் பண்ணி, இளைக்க ஏதாவது இருந்தால் கொண்டுவா என்று கேட்டாளாம். யாரும் கேட்கவில்லை என்று மேலே எழுதியது தப்பு. நீயும் அவளைக் காட்டிக்கொடுக்காமல் என்னிடம் இத்தனை திட்டு வாங்கியிருக்கிறாய். ஆகவே மேலே எங்கெல்லாம் 'நீ' என்று திட்டியிருக்கிறேனோ அங்கெல்லாம் 'நாம்' என்று திருத்திப் படித்துக்கொள். மருந்து விஷம்தான், அதில் திருத்தம் இல்லை. சனிக்கிழமை வீட்டுக்கு வா. அந்த நாற்பது பேர் வீட்டுக்கும் இரண்டு பேருமாகவே போவோம்.

வேறு ஏதாவது எழுத வேண்டுமா என்று உன் அக்காவைக் கேட்டேன். "எழுதுங்க. இப்பவும் குண்டாத்தான் இருக்கேன்னு எழுதுங்க. உசுரோட இருக்கேன்னும் எழுதுங்க" என்றாள்.