ஜல்லிக்கு வந்த மூன்று போட்டியாளர்கள்

கரடு நாடு என்றொரு நாடு. வரைபடத்தில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், அகப்படாது. அதன் கடைசி ஊர் சுனைப்பட்டி. அங்கிருந்து தலைநகரத்து ஆஸ்பத்திரிக்குப் போக வெறும் வண்டித்தடம்தான். அதை நெடுஞ்சாலை ஆக்குவதென்று ராஜா முடிவெடுத்தார். ஜல்லிக்கு டெண்டர் விட்டார்கள். குறைந்த விலை கேட்பவருக்கே என்று சட்டம். இவ்வளவு நல்ல சட்டமா என்று எனக்கு அப்போதே உறுத்தியது.

சுனைப்பட்டியில் கல் உடைக்கும் வேலம்மை, ஊரைச் சேர்த்துக்கொண்டு விலை எழுதிப் போட்டாள். கூலி கிடைத்தால் போதும் என்றாள். அவள் மகள் பூவாத்தாள் மாசமாக இருந்தாள், மழைக்காலத்தில் பிரசவம். அதற்குள் சாலை வந்தாக வேண்டும்.

உறையைப் பிரித்த நெடுஞ்சாலை மந்திரி மார்த்தாண்ட பூபதிக்கு முகம் சுண்டிப்போயிற்று. மறுநாளே புது விதி வந்தது: ஏற்கெனவே ராஜாவின் சாலைக்கு ஜல்லி கொடுத்தவர் மட்டுமே போட்டியிடலாம். அப்படிக் கொடுத்தவர் நாட்டிலேயே ஒருவர்தான், மந்திரியின் மைத்துனர். ஒற்றை ஆள் ஓடினால் போட்டி ஆகாதே? அதற்கும் விதி செய்தார்கள். மூவராவது வேண்டும், அனுபவசாலியின் குடும்பத்தாருக்கும் அனுபவம் உண்டு. மைத்துனர், அவர் மனைவி, அவர் மாமியார் மூவரும் ஒரே வண்டியில் வந்து இறங்கினார்கள்.

வேலம்மைக்குப் பொறுக்கவில்லை. "ஏஞ்சாமி, போட்டின்னு சொன்னீங்க. ஒரே வண்டியில வந்து, ஒரே வெத்தலப் பெட்டியிலிருந்து உறைய எடுத்துப் போடறாங்களே, இது என்ன கூத்து?"

"போட்டியிலும் பகை பாராட்டாதது நமது பண்பாடு, அம்மணி" என்றார் மந்திரி.

மாமியார் ஜெயித்தார்.

சாலை வந்தது. மண்ணைக் கொட்டிக் கரியைப் பூசியிருந்தார்கள் என்று முதல் மழைதான் ஊருக்குச் சொன்னது. ஜனங்கள் போய் முறையிட்டார்கள். மந்திரி சபையில் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"மழை இந்த டெண்டரில் கலந்துகொள்ளவில்லை. ஆகவே சாலையைச் சோதிக்க அதற்கு அதிகாரம் கிடையாது. சாலை இருக்கிறது. இல்லை என்பவர் மீது வழக்குப் பாயும்."

பூவாத்தாளுக்கு அடைமழையில் வலி கண்டது. மாட்டுவண்டியில் ஏற்றிப் போனார்கள். பாதி வழியில் சக்கரம் அச்சு வரை புதைந்தது. ஊரே கூடித் தள்ளியும் அசையவில்லை. தாயும் பிள்ளையும் அங்கேயே போய்விட்டார்கள். வேலம்மை வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். பாவிகள், நன்றாக இருப்பார்களா?

ராஜா மனம் உருகினார். அந்த இடத்தில் பூவாத்தாளுக்கு நினைவு மண்டபம் கட்ட ஆணையிட்டார். திறந்துவைக்க அவரே வருகிறாரென்றதும் மந்திரிக்குக் கைகால் ஓடவில்லை. ரதம் குலுங்கக் கூடாதே! சுனைப்பட்டியிலிருந்தே ஜல்லி வாங்கி, அசல் தார் ஊற்றி, தலைநகரத்திலிருந்து மண்டபம் வரை வழவழவென்று சாலை போட்டார்கள். மண்டபத்து வாசலில் அது நின்றுவிட்டது.

திறப்பு விழா அன்று அந்தப் பக்கம் ராஜாவும் பரிவாரமும் தாரில் நின்றார்கள். இந்தப் பக்கம் ஊர் ஜனம் சேற்றில் நின்றது.

"சாமி, இங்கிருந்து எங்க ஊரு வரைக்கும்?" என்று வேலம்மை கேட்டாள்.

மந்திரி பொறுமையாக விளக்கினார். "அங்கே இன்னும் மண்டபம் எதுவும் எழவில்லையே, அம்மணி."

வேலம்மை ஊர்ப்பக்கம் நீண்டு கிடந்த சேற்றைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற அடுத்த வீட்டு மருமகளின் வயிற்றைப் பார்த்தாள்.