பேய் நிற்காத படம்

இனிமேல் தாம் எடுக்கும் படத்தில் எந்தப் பெண்ணின் பின்னாலும் பேய் நிற்கக் கூடாது என்று மூக்கையா சபதம் செய்தார். கண்டி நகரத்தில் தம்முடைய சின்னப் போட்டோக் கடையின் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டுதான் செய்தார். மனைவி பாலம்மாவின் காதில் விழுந்தால் கேள்வி கேட்பாள். அவள் கேள்விக்குப் பதில் சொல்லும் வித்தை, கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமாகியும் அவருக்குக் கைவரவில்லை.

பேய் வந்த கதை இதுதான். பன்வில தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி கணபதியின் மூத்த மகள் சீதாவுக்குப் போன வருஷம் கல்யாணம். மழை விடவில்லை. படத்தை வீட்டுக்குள்ளேயே எடுக்க வேண்டியதாயிற்று. மூக்கையா தட்டில் வெளிச்ச மருந்தைக் கொட்டிப் பற்ற வைத்தார். பளீரென்று ஒரு வெளிச்சம். வீடு நிறையப் புகை. படத்தில் சீதாவின் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. அதைக்கூட மன்னித்துவிடலாம். பின்சுவரில் அவள் நிழல் கன்னங்கரேலென்று, அவளைவிட ஒரு முழம் உயரமாக எழுந்து நின்றது. தலையில் வைத்த பூவெல்லாம் கொம்பாக நீட்டிக்கொண்டிருந்தது. மாமியார்க்காரி பார்த்தாள். பேய் என்றாள். பேயோட்டக் கோடாங்கி வந்தான், உடுக்கை அடித்தான், சீதா மூன்று நாள் வேப்பிலை அடி வாங்கினாள். அது வெறும் நிழல்தான் என்று மூக்கையா படித்துப் படித்துச் சொன்னார். உடுக்கைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

இப்போது இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். கங்காணி நல்ல மனிதர். கடைக்கே வந்து, தாழ்ந்த குரலில் பேசினார்.

"தம்பி, இன்னொரு வாட்டி ஒங்கள நம்புறேன். இந்தப் புள்ளைக்குப் பின்னால ஏதாச்சும் நின்னுச்சு, அப்புறம் பன்வில பக்கமே வந்துறாதீங்க."

பன்வில பக்கம் என்றால் மூக்கையாவின் பிழைப்பில் பாதி.

நிழல் விழாமலிருக்க வழி அவருக்குத் தெரியும். வெளிச்சத்துக்குப் பின்னால் பளபளப்பாக ஒரு தகடு, முன்னால் மெல்லிய துணித்திரை. வெளிச்சம் பரவி, பதமாக விழும். கொழும்பில் அதற்கென்றே செய்து விற்கிறார்கள். விலைப்பட்டியலைப் பார்த்தார், மடித்து வைத்துவிட்டார். தாமே செய்வதென்று இறங்கினார். பழைய தேயிலைப் பெட்டியொன்றின் உட்பக்கத்து ஈயத்தாளை உரித்துப் பலகையில் ஒட்டினார். மூங்கிலைச் சீவிச் சட்டம் கட்டினார். துணிதான் பாக்கி.

கொசுவலை ஓட்டை. படுக்கை விரிப்பு தடிப்பு. வீட்டில் மெல்லிய துணி இரண்டே இரண்டு. ஒன்று, கட்டுகலைப் பிள்ளையார் கோயிலுக்கு மட்டும் அவர் உடுத்துகிற ஜரிகை போட்ட பட்டு வேட்டி. அதை மருந்துப் பொறிக்குப் பக்கத்தில் வைப்பதை நினைத்தாலே அவருக்கு நெஞ்சை அடைத்தது. மற்றது, பாலம்மாவின் சிவப்புக் கூறைச் சேலை. தாலி கட்டிய அன்று கட்டியது, அதோடு பெட்டிக்குள் போனது. நெஞ்சு அடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போனதும் சேலையை எடுத்தார். பெட்டியில் அந்தக் கனத்துக்குத் தலையணை உறைகளை மடித்து வைத்தார். சட்டத்தில் சேலையைக் குத்தி, எல்லாவற்றையும் சாக்கில் சுற்றி மூலையில் நிறுத்தினார். உலகத்தில் இவ்வளவு சுத்தமாக எவனும் திருடியிருக்க மாட்டான் என்று ஒரு பெருமைகூட வந்தது.

கல்யாணத்தன்று காலையில் பாலம்மா சாக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"மூங்கிலு."

"மூங்கிலு இம்புட்டு மெத்துன்னா இருக்கும்?"

"மழையில நனையாம துணி சுத்தியிருக்கு."

"அப்பச் சரி."

பாலம்மா 'அப்பச் சரி' என்றால் எங்கேயோ எதுவோ சரியில்லை என்று அர்த்தம். யோசிப்பதற்குள் பன்வில பக்கம் போகும் வத்தேகம பஸ் வந்துவிட்டது.

பன்விலயில் அன்றும் மழை. மணப்பெண்ணைச் சுவரோரம் கதிரையில் உட்கார்த்தியிருந்தார்கள். சீதாவின் மாமியார் முன்வரிசையில், சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கையா சாக்கை அவிழ்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய துணி வெள்ளையாக இருந்தது. ஓரத்தில் ஜரிகை. அவருடைய ஜரிகை. பட்டு வேட்டியைச் சரிபாதியாக வெட்டி, மூலைகளில் இரட்டைத் தையல் போட்டு, சட்டத்தில் சுருக்கமில்லாமல் இழுத்துத் தைத்திருந்தது.

"என்னா தம்பி, ஜரிகையெல்லாம் போட்டு அமர்க்களமா இருக்கு?" என்றார் கங்காணி.

"வீட்டுல... பொண்டாட்டி தச்சுக் குடுத்தா," என்று மூக்கையாவின் வாய் சொன்னது. பொய்யை யோசிக்க நேரமில்லாதபோது அவருக்கு உண்மைதான் வரும்.

மருந்து வெடித்தது. வேட்டியில் மூன்று பொத்தல் விழுந்தது. மூன்றையும் அவர் தம் நெஞ்சில் எண்ணிக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் நிழல் விழுந்திருக்குமோ என்று ஒரு பயம். வீட்டில் என்ன காத்திருக்கிறதோ என்று இன்னொரு பயம். வேட்டியைப் பற்றி வாயைத் திறந்தால் சேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதனால் வாயைத் திறக்காமலே இருட்டறைக்குள் போனார். படம் விழுந்த கண்ணாடிப் பிளேட்டைத் தட்டில் போட்டுக் கழுவுவது எப்போதும் பாலம்மாதான். சிவப்புக் கண்ணாடி விளக்கடியில் அவள் தட்டை ஆட்டினாள். பிளேட்டில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், வெள்ளை கறுப்பாகத் தெரியும். நிழலிருந்தால் பெண்ணுக்குப் பின்னால் வெள்ளைத் திட்டாக எழும். மூக்கையா மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். சுவர் ஒரே சீராக எழுந்தது. திட்டு இல்லை. பிடித்திருந்த மூச்சு மொத்தமும் வெளியே வந்தது.

"எங் கூறச் சேலையில எடுத்திருந்தா இப்புடி வந்திருக்குமா?" என்றாள் பாலம்மா.

"எந்தச் சேலை?"

"தலகாணி உறைய வச்சிட்டு எடுத்தீங்களே, அந்தச் சேல."

மூக்கையா தட்டை அவள் கையிலிருந்து வாங்கித் தாமே ஆட்டத் தொடங்கினார்.

"இந்த லாம்பு எதுக்குங்க சிவப்பா இருக்கு?"

"சிவப்பு வெளிச்சம் பிளேட்டத் தொடாது. அதுனால..." வழக்கம்போல் பாடம் சொல்லத் தொடங்கிய மூக்கையா பாதியில் நின்றார். அரக்குச் சிவப்புச் சேலை. அதற்குப் பின்னால் மருந்து முழுவதையும் கொட்டி எரித்திருந்தாலும் பிளேட்டில் பெண்ணும் விழுந்திருக்க மாட்டாள், மாப்பிள்ளை வீட்டாரும் விழுந்திருக்க மாட்டார்கள். வருஷக்கணக்காக இந்த விளக்கடியில் உட்கார்ந்திருந்த மனுஷருக்கு அது ஞாபகம் வரவில்லை. பிழைப்பு தப்பியது. சேலை தப்பியது. வேட்டி ஒன்றுதானே போனது என்று நினைத்தபோது, உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, புள்ள."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, நீங்க."

மறுவாரம் கங்காணி படத்தை வாங்க வந்தார். மகள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தார். ஜன்னலோரம் கொண்டுபோய் மறுபடி பார்த்தார். ஒன்றுமில்லை, ஒன்றுமேயில்லை என்று இரண்டு தடவை சொன்னார். மூத்தவள் பட்ட பாட்டை இவளாவது படாமல் தப்பினாளே என்று அந்தப் பெரிய மீசைக்காரர் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். மூக்கையாவுக்கும் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார், பாராட்டு வருமென்று.

கங்காணி பாலம்மா பக்கம் திரும்பினார். "தையில கடைசிப் புள்ளைக்குக் கல்யாணம். அம்மா, நீங்கதான் வந்து எடுத்துக் குடுக்கணும்."

மூக்கையா சிரித்தார். "படம் எடுக்குறது நாந்தானுங்களே."

"போன வருசமும் நீங்கதான் எடுத்தீங்க," என்றார் கங்காணி.

பாலம்மா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அவரும் கூட வரட்டுமுங்க. பெட்டி தூக்க ஆளு வேணுமில்ல."