சரவெடியின் கடைசிச் சரம்

‘வளாகத்தினுள் எக்காரணம் கொண்டும் பட்டாசு கொளுத்தக் கூடாது.’

ஆடிப்பூரக் கொடியேற்றத்தன்று எங்கள் பதிவாளர் கையெழுத்திட்ட சுற்றறிக்கை இது. பார்த்தால் எல்லோருக்கும் போட்ட உத்தரவு. உண்மையில் ஒரே ஒரு மனிதருக்காக எழுதியது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே வளர்ந்து நிற்கும் எங்கள் தனியார் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை அவரைப்போல் உரக்கச் சொன்னவர் பூமியில் கிடையாது.

பேருந்துகளின் மேற்பார்வையாளர் அவர். எங்களுக்குச் ‘சரவெடி’. புது ஆய்வகம் திறந்தால் வாசலில் ஒரு சரம். காப்புரிமை கிடைத்தால் ஒரு சரம். மாணவர்கள் செய்த மின்சாரக் கார் முதன்முதலாக நகர்ந்ததும் ஒரு சரம். கார் மிரண்டு நின்றுவிட்டது. நூலகத்தில் இருக்கும் நான் பாதிச் சாதனைகளைக் காதால்தான் தெரிந்துகொண்டேன்.

சுற்றறிக்கை வந்த சமயம், பல்கலைக்கழகங்களுக்குத் தரம் வழங்கும் மதிப்பீட்டுக் குழு வந்திருந்தது. சரவெடிக்கோ அந்த மாதக் கடைசியில் பணி ஓய்வு. உச்ச தரத்துக்கு ஒரு சரம் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன் என்று அய்யனார் கோவிலில் வேண்டியிருந்தார்.

“வெடிச்சீங்கன்னா பிரிவு விழா கிடையாது, பாத்துக்கிடுங்க,” என்று பதிவாளர் சரத்தைப் பறித்துத் தம் அலமாரியில் பூட்டினார்.

“விழா யாருக்கு வேணும் சார்? சரத்தக் குடுங்க.”

தேரோட்டத்துக்கு மறுநாள் முடிவு வருவதாக இருந்தது. காலையில் பக்கத்து வன்னியம்பட்டிப் பக்கமிருந்து படபடவென்று சத்தம். தடைக்காகச் சரவெடி வெளியே போய் வெடிக்கிறார் என்று நினைத்தோம். அவ்வளவுதான்! “வந்துருச்சு டோய்!” வகுப்புகள் காலி. பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு பேராசிரியர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். உணவகத்துப் பால்கோவா முழுதும் காலி.

சரவெடி மட்டும் கத்தினார். “ஏலே, அது நம்ம வெடி இல்லலே! நம்ம சரம் நிக்காம ஓடும். இது நடுவுல இருமுது. ஏதோ கல்யாண வெடிலே!”

பேராசிரியர்கள் இருவரும் மெல்லக் கையை எடுத்துக்கொண்டார்கள்.

பிற்பகலில் நிஜமான முடிவு வந்தது. உச்ச தரம்! பதிவாளரே ஒலிபெருக்கியில் அறிவித்தார். ஒருவரும் அசையவில்லை. மறுபடி அறிவித்தார்.

“ஒருக்கா ஏமாந்தது போதும். சரவெடி போடட்டும், பொறவு வாரோம்,” என்றாள் சன்னலோரம் இருந்த மாணவி.

செத்த நேரத்தில் பதிவாளர் சரத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார்.

“கொளுத்துங்க அண்ணாச்சி. ஒரு பயலும் நம்ப மாட்டேங்கான்!”

“சர்க்குலர் இருக்கே சார்?”

“ரெண்டடி வெளிய தள்ளிப் போடுங்க. சர்க்குலர் கேட்டுக்கு உள்ளதான்!”

சரம் ஒரு தடவைகூட இருமாமல் ஓடியது. வளாகமே வாசலுக்கு ஓடிவந்தது. சரவெடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மருந்துப் புகை,” என்றார்.

இதில் எல்லாவற்றையும் விசாரித்துச் சரிபார்த்துவிட்டேன், ஒன்றைத் தவிர. அது ஆடி மாதம். எங்கள் பக்கம் ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. அப்படியானால் காலையில் வன்னியம்பட்டியில் வெடித்தது யார்? சரவெடியின் மைத்துனர் வீடு அங்கேதான். மேற்கொண்டு எதுவும் உறுதியாகவில்லை. அவரிடமே கேட்டுவிடலாம், எனக்குத்தான் மனம் வரவில்லை.